மணிபூரகத்திலிருந்து ஒரு சித்திரத் தொடர் வரை

ஆறு ஆதாரங்கள் என்னும் கருத்து தமிழகத்தில் உடலின் கணக்காக மட்டும் நிலவியதன்று. அது நிலத்தின் கணக்காகவும் நிலவியது. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், தில்லை அநாகதம், திருக்காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை என்று சைவ மரபு தலங்களை வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. யோகி தன் முதுகுத் தண்டில் மேற்கொள்ளும் பயணத்தை எளிய அடியவர் கால்நடையாக மேற்கொள்ளலாம் என்பதே இவ்வரிசையின் உட்பொருள் எனலாம். இந்த உடல் வரைபடம் நாடுகளையும் நூற்றாண்டுகளையும் கடந்து, அமெரிக்கச் சிறுவர்களுக்கான சித்திரத் தொடர் ஒன்றின் திருப்புமுனை அத்தியாயமாக வந்து நிற்கிறது. அது எவ்வழியே சென்றது, செல்லும் வழியில் எதை இழந்தது, எதைப் பெற்றது என்பதை இங்கே ஆராய்வோம்.

தொடரின் பெயர் 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்'. மைக்கேல் டான்டே டிமார்டினோ, பிரையன் கொனியட்ஸ்கோ ஆகிய இருவரும் உருவாக்கியது. 2005 பிப்ரவரி முதல் 2008 ஜூலை வரை நிக்கலோடியன் அலைவரிசையில் 61 அத்தியாயங்களாக வெளிவந்தது. ஓவிய இயக்கப் பணிகளைத் தென்கொரிய நிறுவனங்கள் செய்தன. நீர், நிலம், தீ, காற்று ஆகிய நான்கு பூதங்களையும் ஆளவல்லவனாகப் பிறப்பெடுத்த ஏங் என்னும் சிறுவன், உலகைக் கைப்பற்ற முனைந்த தீ நாட்டை எதிர்கொள்ளும் கதை இது. மூன்று 'நூல்'களாகப் பகுக்கப்பட்ட தொடரில், இரண்டாம் நூலின் பத்தொன்பதாம் அத்தியாயம் 'த குரு'. 2006 டிசம்பர் 1 அன்று, அந்நூலின் இறுதி அத்தியாயத்தோடு சேர்த்து ஒளிபரப்பாயிற்று.

அவ்வத்தியாயத்தில் ஏங், பாழடைந்த கிழக்குக் காற்றுக் கோயிலில் பதிக் என்னும் முதிய குருவைச் சந்திக்கிறான். பதிகன் என்ற வடசொல்லுக்கு வழிப்போக்கன் என்பது பொருள். ஓடை ஒன்றில் அடுத்தடுத்து அமைந்த குட்டைகளைக் காட்டி, பாசி அடைத்தால் நீர் ஓடாது, உடலின் ஏழு சக்கரங்களும் அவ்வாறே என்கிறார் குரு. ஏழையும் திறந்தால்தான் தன்னுள் உறையும் பேராற்றல் ஏங்கின் கட்டுக்குள் வரும். நிலச் சக்கரத்தை அச்சம் அடைக்கிறது. நீரைக் குற்றவுணர்வு, தீயை வெட்கம், காற்றைத் துயரம், ஒலியைப் பொய், ஒளியை மயக்கம், எண்ணத்தை உலகப் பற்று. ஆறு சக்கரங்களைச் சிறுவன் திறந்துவிடுகிறான். ஏழாவதற்கு, தான் நேசிக்கும் கடாரா என்ற பெண்ணை விட்டுவிட வேண்டும் என்கிறார் குரு. அங்கே அவன் தயங்குகிறான். அவளுக்கு ஆபத்து என்ற காட்சி தோன்றவே, பயிற்சியைப் பாதியில் முறித்துக்கொண்டு புறப்பட்டுவிடுகிறான். பாதியில் விட்டால் அந்த ஆற்றல் நிலையையே இனி அடைய இயலாது என்ற எச்சரிக்கை பின்னால் ஒலிக்கிறது.

இதில் நம் கண்ணில் முதலில் படுவது பூதங்களின் வரிசை. 1577இல் பூர்ணானந்தர் இயற்றிய 'ஷட்சக்ர நிரூபணம்' என்ற வடமொழி நூல், மூலாதாரம் தொடங்கி நிலம், நீர், தீ, காற்று, வான் என்றே பூதங்களைப் பொருத்துகிறது. தொடரில் ஐந்தாவது இடத்தில் 'ஒலி' வருவது பிறழ்ச்சி போலத் தோன்றலாம். ஆனால் ஓசை என்பது வானத்தின் பண்பு என்பது நம் தத்துவ நூல்களின் பாலபாடம். ஆக, சித்திரத் தொடரின் ஐந்து படிகளும் பழைய நூலோடு ஒத்துப் போகின்றன. நம் தலவரிசையோ சற்றே மாறுபடுகிறது. திருவாரூர் நிலத்தோடும், திருவானைக்கா நீரோடும், திருவண்ணாமலை தீயோடும் பொருந்துகின்றன. அடுத்த இரண்டில் தில்லையின் வானும் காளத்தியின் காற்றும் இடம் மாறி நிற்கின்றன. இதயத்துள் உள்ள வெளியே சிற்றம்பலம் என்று கொண்ட மரபினர்க்கு, தில்லையை இதயத்திலன்றி வேறெங்கும் வைக்க மனம் வந்திருக்காது. வரிசையின் ஒழுங்கைக் காட்டிலும் அனுபவத்தின் ஒழுங்கை அவர்கள் மேலாகக் கருதினர் என்று கொள்ளலாம்.

இனி, பயணத்தின் வழியைக் காண்போம். திருமந்திரம் ஆதாரங்களை விரிவாகப் பேசுகிறது. ஔவையாரின் விநாயகர் அகவல் அதனை வீட்டுத் திண்ணை வரை கொண்டுவந்து சேர்த்தது. ஆயினும் மேலைநாட்டுக்குச் சென்றது தமிழ் வழி அன்று, வங்காளத்து வழி. கல்கத்தா உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ரஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் பூர்ணானந்தரின் நூலை மொழிபெயர்த்து, 'த செர்ப்பென்ட் பவர்' என 1919இல் வெளியிட்டார். எட்டு ஆண்டுகள் கழித்து, பிரம்மஞான சபையின் சார்ல்ஸ் லெட்பீட்டர் 1927இல் 'த சக்ராஸ்' என்ற நூலை வெளியிட்டார். அச்சபையின் தலைமையகம் 1882 முதல் சென்னை அடையாற்றில் இயங்கி வருவது. 1932இல் உளவியலாளர் கார்ல் யுங் சூரிச் நகரில் குண்டலினி யோகம் குறித்துத் தொடர் கருத்தரங்கு நடத்தினார். தாமரைகளும் தெய்வங்களும் நிறைந்த யோக வரைபடம், அங்கே மனத்தின் படிநிலைகளைக் காட்டும் குறியீடாக உருமாறத் தொடங்கிற்று. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அமெரிக்காவில் எழுந்த புதுயுக ஆன்மிக இயக்கம் அதற்கு வானவில்லின் ஏழு நிறங்களைப் பூசியது. பூர்ணானந்தரிடம் அந்த நிறவரிசை இல்லை. அவருடைய மணிபூரகத் தாமரை மழைமுகிலின் நிறத்தது, அதன் நடுவே தீயின் செம்முக்கோணம்.

இறுதிக் கண்ணி அமெரிக்க எழுத்தாளர் அனோடியா ஜூடித். அவர் 1996இல் வெளியிட்ட 'ஈஸ்டர்ன் பாடி, வெஸ்டர்ன் மைண்ட்' என்னும் நூல், மேலை உளவியலையும் சக்கரங்களையும் இணைத்து, ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஒரு 'பகை'யை வகுத்தது. அச்சம், குற்றவுணர்வு, வெட்கம், துயரம், பொய், மயக்கம், பற்று. பத்தாண்டு கழித்துப் பதிக் என்னும் குரு சொல்வதும் இதே ஏழு, இதே வரிசையில்.

ஆகவே, நம் மரபு அப்படியே அங்கே ஒளிபரப்பாயிற்று என்று பெருமை கொள்வதற்கில்லை. பழைய நூல்களில் ஆதாரங்கள் மனக்காயங்களின் பெட்டகங்கள் அல்ல. குண்டலினி மேலேறுகையில் நிலம் நீரிலும், நீர் தீயிலும், தீ காற்றிலும், காற்று வானிலும் ஒடுங்குகின்றன. யோகி குணமடைவதில்லை, கரைந்து போகிறான். தொடரில் வரும் சிறுவனோ தன் வாழ்வின் துயரங்களை ஒவ்வொன்றாக நினைவுகூர்ந்து, தன்னை மன்னித்து, முழுமையான 'தான்' ஆகிறான். ஒன்று தன்னை இழக்கும் வழி, மற்றொன்று தன்னைச் செப்பனிடும் வழி. நோக்கம் முற்றிலும் வேறு. வகுப்பில் திருமந்திரம் நடத்துங்கால், சக்கரங்களை இத்தகைய தொடர்களின் வாயிலாக முன்னரே அறிந்துவந்த மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்குவதுதான் இன்றைய ஆசிரியரின் வேலையாக இருக்கிறது.

எனினும், மாறிய வடிவத்தை எள்ளி ஒதுக்குவதும் நேர்மையாகாது. மூன்றாம் சக்கரத்தைப் பாருங்கள். தீயை ஆளக் கற்றபோது ஏங், கடாராவின் கைகளைச் சுட்டுவிட்டவன். இனித் தீயைத் தொடுவதில்லை என்று உறுதி பூண்டவன். தன் ஒரு பகுதியை மறுக்கும் வரை சமநிலை கைகூடாது என்கிறார் குரு. தீத்தலமான அண்ணாமலையின் கதையிலும் தீயின் முன்னே நாணி நிற்பவர் உண்டு. அடியையும் முடியையும் தேடிப் பன்றியாயும் அன்னமாயும் புறப்பட்ட திருமாலும் பிரமனும் அழற்பிழம்பின் எல்லையைக் காணவில்லை. தாழம்பூவைப் பொய்ச்சாட்சியாக்கிய பிரமன் தலைகுனிந்தான். அங்கே தீ ஆணவத்தைச் சுடுகிறது. இங்கே தீ வெட்கத்தினின்று விடுவிக்கிறது. 'நான்' என்பதோடு தீக்கு ஏதோ ஒரு வழக்கு உண்டு என்பதை இரு கதைகளும் அறிந்திருக்கின்றன.

அத்தியாயத்தின் உயிர்நிலை ஏழாவது வினாவில் இருக்கிறது. அன்பை விட்டால்தான் ஆற்றல் வருமா? இவ்வினாவைத் திருவண்ணாமலை சித்திரத் தொடருக்கு நெடுங்காலம் முன்பே எதிர்கொண்டது. 1896 செப்டம்பர் 1 அன்று, பதினாறு வயது வேங்கடராமன் மதுரையில் வீட்டைத் துறந்து இவ்வூருக்கு வந்து சேர்ந்தார். பின்னாளில் ரமண மகரிஷி என அறியப்பட்டவர். 1898இன் இறுதியில் அன்னை அழகம்மாள் பவழக்குன்றில் அவரைக் கண்டுபிடித்து, வீடு திரும்புமாறு நாள்தோறும் அழுது வேண்டினார். மகன் வாய் திறக்கவில்லை. விதிப்படியே எல்லாம் நடக்கும் என்ற கருத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு மௌனம் காத்தார். தாய் வெறுங்கையோடு திரும்பினார். பதிக் கேட்ட துறவு இதுதான்.

ஆனால் வரலாறு அங்கே நிற்கவில்லை. 1916இல் அழகம்மாள் மகனிடமே வந்து மலையில் தங்கினார். 1922 மே 19 அன்று அவர் உயிர் பிரிந்தபோது மகன் அருகிலேயே இருந்தார். மலையடிவாரத்தில் அமைந்த அன்னையின் சமாதியைச் சுற்றியே இன்றைய ரமணாசிரமம் எழுந்தது. விட்டுவிட்ட பந்தம் வேறொரு வடிவில் ஆசிரமத்தின் அடித்தளமாயிற்று. ஆதாரங்களைப் பற்றி வினவியவர்களை ரமணர் இதயத்தை நோக்கியும் 'நான் யார்' என்ற விசாரத்தை நோக்கியுமே திருப்பினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

தொடர் தன் வினாவுக்கு என்ன விடை தந்தது? அடுத்த அத்தியாயத்தில், படிகக் குகைப் போரில், ஏங் கடாராவை மனத்தால் விட்டுவிடுகிறான், ஆற்றல் எழுகிறது, அக்கணமே அசுலாவின் மின்னல் அவன் முதுகைத் துளைக்கிறது. அவனை மீட்பது அவன் விட்டுவிட்ட கடாராவின் கைகளும் புனித நீரும். சிறுவர் தொடர் ஒன்று இவ்வளவு கடுமையான முரணை முன்வைத்தது வியப்புக்குரியது. ஆயினும் 2008இன் இறுதிப் போரில், முதுகின் அத்தழும்பில் ஒரு பாறை முட்டியதும் அடைபட்ட ஆற்றல் திறந்துகொள்கிறது. கடைசிக் காட்சியில் இருவரும் இணைகிறார்கள். குரு கேட்ட வினாவைக் கல்லொன்று தீர்த்துவைத்தது. கதைக்கு இது முடிவு, வினாவுக்கு முடிவன்று. 2010இல் மாகியில் பிறந்த எம். நைட் சியாமளன் இயக்கிய திரைப்படம் முதல் நூலோடு நின்றுவிட்டமையால், இவ்வினா அங்கே எழவேயில்லை.

பற்றறுத்தலா, பற்றோடிருத்தலா என்ற இருமையை அண்ணாமலை ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, போசள மன்னன் வல்லாளனுக்கு மகனாக நின்று திதி கொடுக்கிறார். பிறப்பிலியான இறைவன் ஒரு மகனின் கடனை ஆண்டுதோறும் தலைமேல் ஏற்கிறான். உமையம்மை தவமிருந்து இடப்பாகம் பெற்றதும் இத்தலத்திலேயே என்கிறது தலபுராணம். அம்மை தவம் செய்ததாகக் கூறப்படும் பவழக்குன்றுதான், அழகம்மாள் மகனிடம் மன்றாடித் தோற்ற இடமும். கார்த்திகைத் தீபத்தன்று மாலையில் அர்த்தநாரீசுவரர் சில நிமிடங்களே வெளிவந்து ஆடிக் காட்சி தர, அப்போதே 2668 அடி உயர மலைமீது தீபம் ஏற்றப்படுகிறது. பெண்ணைத் துறந்த பின்னரன்று, பெண்ணைப் பாதியாகக் கொண்ட வடிவம் வெளிப்பட்ட பின்னரே இங்கே தீ எழுகிறது.

இந்த விடையைப் பதிக் என்னும் வழிப்போக்கர் அறிந்திருக்கவில்லை. அவர் கையிலிருந்தது கல்கத்தா, அடையாறு, சூரிச், கலிபோர்னியா எனப் பல கைகள் மாறி வந்த வரைபடம். மணிபூரகத் தலத்துச் சொற்கள் உலகின் காதில் விழவேண்டுமெனில், திருமந்திரத்தையும் அகவலையும் அருணாசல புராணத்தையும் உரிய உரையோடு நாமே எடுத்துச் சொல்ல வேண்டும். அதுவரை, வினா நம்முடையதாக இருக்க, விடையைச் சித்திரத் தொடர்கள் எழுதிக்கொண்டிருக்கும்.