ஐந்து கட்டங்களும் ஐந்தில் மூன்று பங்கும்

மக்கள்தொகைக் கணக்கு என்றதும் அதை ஒரு கண்ணாடியாகப் பார்த்தே நமக்குப் பழக்கம். இருக்கிற ஆட்களை எண்ணி ஏட்டில் ஏற்றுகிறார்கள், இதில் என்ன அரசியல் என்பார்கள். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தொடக்ககாலக் கணக்கேடுகளை வாசித்தால் இந்த நம்பிக்கை நிற்காது என்று நினைக்கிறேன்.

முதல் கணக்கெடுப்பு 1790இல் நடந்தது. மார்ஷல்களின் உதவியாளர்கள் வீடுவீடாகப் போனார்கள். குடும்பத் தலைவருக்கு மட்டும் பெயர்; மற்றவர்களெல்லாம் எண்கள். கட்டங்கள் ஐந்து: 16 வயதும் அதற்கு மேலுமான சுதந்திர வெள்ளை ஆண்கள், 16 வயதுக்குக் கீழ்ப்பட்ட வெள்ளை ஆண்கள், வெள்ளைப் பெண்கள், மற்ற சுதந்திர நபர்கள், அடிமைகள். ஆணுக்கு வயது கேட்டதில் உழைப்புக்கும் படைக்கும் எத்தனை பேர் தேறுவார்கள் என்ற கணக்கு இருக்கிறது. பெண்ணுக்கு வயது தேவைப்படவில்லை. 'வரி செலுத்தாத இந்தியர்கள்' என்று அரசியல் சட்டம் ஒதுக்கி வைத்த பூர்வகுடிகளுக்குக் கட்டமே கிடையாது. யாருடைய நிலமோ அவர்களைக் கழித்துவிட்டுத்தான் 'தேசத்தின் மக்கள்' 39,29,214 பேர் என்று ஆனது. இதில் அடிமைகள் 6,97,681 பேர்.

மக்களவை இடங்களைப் பங்கிட அடிமைகளின் எண்ணிக்கையில் ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பது 1787இல் எழுதப்பட்ட அரசியல் சட்டத்தின் விதி. 'கறுப்பரை ஐந்தில் மூன்று மனிதர் என்றார்கள்' என்று நம்மில் பலர் சொல்கிறோம். கோபம் சரி, வாசிப்பு போதாது. அடிமைகளை முழுசாக எண்ணு என்று கேட்டவர்கள் யார்? தெற்கின் அடிமை உடைமையாளர்கள். இடப் பங்கீட்டில் அவர்களைச் சேர்க்காதே என்றவர்கள் வடக்கத்தியர்கள். எண்ணப்பட்டவருக்கு வாக்கு இல்லை. அவர் எண்ணப்பட்டதன் பலன் அவரை விலைக்கு வாங்கியவனுக்குப் போனது.

1790 கணக்கையே வைத்துப் பார்க்கலாம். வர்ஜீனியாவில் அடிமையல்லாதவர்கள் சுமார் 4,55,000 பேர். பென்சில்வேனியாவில் சுமார் 4,31,000 பேர். ஏறக்குறைய சமம். ஆனால் வர்ஜீனியாவுக்குக் கிடைத்த மக்களவை இடங்கள் 19, பென்சில்வேனியாவுக்கு 13. வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வர்ஜீனியாவின் 2,92,627 அடிமைகளிடமிருந்து. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வாக்காளர் குழுவும் இதே கணக்கில்தான் அமைந்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சன் 73, ஆடம்ஸ் 65. ஐந்தில் மூன்று விதி இல்லையென்றால் ஆடம்ஸே வென்றிருப்பார் என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள். 1791இல் முதல் கணக்கை வெளியிட்ட செயலாளர் இதே ஜெஃபர்சன்தான்.

அடுத்தடுத்த ஏடுகளில் கட்டங்கள் பெருகின. 1840இல் மனநோயாளிகளையும் எண்ணினார்கள். வடக்கில் சுதந்திரமாக வாழும் கறுப்பரிடையே பைத்தியம் பல மடங்கு அதிகம் என்று கணக்கு சொன்னது. பார்த்தீர்களா, விடுதலை அவர்களுக்கு ஆகாது என்று கிளம்பினார்கள். அன்றைய வெளியுறவுச் செயலாளர் கல்ஹூன் 1844இல் பிரிட்டிஷ் தூதருக்கு எழுதிய கடிதத்தில் இதையே ஆதாரமாக்கினார். எட்வர்ட் ஜார்விஸ் என்ற மருத்துவர் ஏட்டைப் புரட்டிப் பார்த்தார். கறுப்பரே வசிக்காத ஊர்களில் கறுப்பு மனநோயாளிகள் இருந்தார்கள்! வூஸ்டர் மனநல மருத்துவமனையின் வெள்ளை நோயாளிகள் 133 பேர் கறுப்பர் கட்டத்தில் ஏறியிருந்தார்கள். கறுப்பின மருத்துவர் ஜேம்ஸ் மெக்யூன் ஸ்மித்தும் எதிர்த்து எழுதினார். அரசு ஏட்டைத் திருத்தவில்லை.

1850இல் சுதந்திரமான ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதப்பட்டது. அடிமைகளின் பெயரையும் எழுதலாம் என்ற யோசனையை செனட் அடித்துவிட்டது. அவர்களுக்குத் தனி ஏடு: உடைமையாளரின் பெயர், கீழே வயது, பால், நிறம். 'தப்பி ஓடியவர்' என்றும் ஒரு கட்டம். பெயர் சொல்லாத அந்த ஏட்டிலும் எதிர்ப்பு இப்படிப் பதிவாகிவிட்டது. 1860இல் அடிமைகள் 39,53,760 பேர். 1790இல் தேசத்தின் மொத்தத் தொகையைவிட இது அதிகம். அத்தனை பேருக்கும் பெயரில்லை. கறுப்பர் அனைவரும் பெயரோடு ஏட்டில் வருவது 1870இல்தான். முன்னோரைத் தேடும் கறுப்பர்கள் இன்றும் அந்த ஆண்டோடு முட்டி நிற்கிறார்கள்.

1868இல் 14ஆம் திருத்தம் ஐந்தில் மூன்றை முழுசாக்கியது. கணக்கில் சேர்த்தாச்சு, அப்புறம் என்ன என்று கேட்கலாம். 1877க்குப் பிறகு தெற்கில் கறுப்பரின் வாக்கைப் படிப்படியாகப் பிடுங்கினார்கள். ஆனால் அவர்களை முழுசாக எண்ணி இடங்களைப் பெற்றுக்கொண்டார்கள். வாக்கை மறுத்தால் இடங்களைக் குறைக்கலாம் என்று அதே திருத்தம் சொன்னது. ஒருமுறைகூட அது நடைமுறைக்கு வரவில்லை. 1965இன் வாக்குரிமைச் சட்டம் வரை இந்தக் கணக்கு தொடர்ந்தது.

எங்களையும் எண்ணு என்பது நியாயமான கோரிக்கை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. கட்டத்தை யார் வரைந்தது, அதில் ஏறிய எண்ணை வைத்து எவர் ஆளப்போகிறார் என்ற கேள்விகளையும் அதோடு சேர்த்துக் கேட்க வேண்டும் என்கிறேன். ஏட்டில் இருந்தும் 1790இன் ஏழு லட்சம் பேர் அரசியலில் இல்லாமல் இருந்தார்கள்.