ராபி இல்லம்

ராபி இல்லம், அமெரிக்காவின் சிகாகோ நகரில் சிகாகோ பல்கலைக்கழகத்தை ஒட்டி அமைந்துள்ள வீடு. இதை வடிவமைத்தவர் கட்டடக்கலைஞர் பிராங்க் லாயிட் ரைட். அடுத்தடுத்து மூன்று குடும்பங்கள் மொத்தம் 16 ஆண்டுகளே இதில் வாழ்ந்தன. பின்னர் இருமுறை இடிக்கத் திட்டமிட்டபோதும் தப்பி, இன்று உலகப் பாரம்பரியச் சின்னமாக நிற்கிறது.

கட்டட அமைப்பு

சைக்கிள் உதிரிபாகத் தொழில் செய்துவந்த பிரெடரிக் ராபி, வெளிச்சம் நிறைந்த வீட்டை விரும்பினார். ஆனால் தெருவில் செல்வோருக்கு வீட்டின் உட்புறம் தெரியக்கூடாது என்றார். ரைட் வாழும் தளத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, அதன்முன் தாழ்ந்த சுவருடன் நீண்ட மாடமும் அகன்ற இறவாரமும் அமைத்தார். தெற்கு இறவாரம் கோடை நண்பகல் வெயிலைத் தடுக்கும். சாய்வாக விழும் குளிர்கால வெயிலை உள்ளே விடும். தூணின்றி நீளும் கூரையை எஃகு உத்தரங்கள் தாங்குகின்றன.

சமவெளியை நினைவூட்டும் கிடைக்கோடுகளே இந்தப் பிரெய்ரி பாணியின் அடையாளம். இதற்காக ஏறத்தாழ ஓரடி நீளமுள்ள மெல்லிய செங்கற்கள் பயன்பட்டன. கிடை இடுக்குகளில் வெளிர் நிறச் சாந்தும், செங்குத்து இடுக்குகளில் செங்கல் நிறச் சாந்தும் பூசப்பட்டன. அதனால் சுவர் முழுவதும் நீண்ட வரிகளாகவே கண்ணுக்குத் தெரிகிறது. கூடத்தையும் உணவறையையும் பிரிப்பது கணப்படுப்பு மட்டுமே. சன்னல், கதவுகளில் 174 கலைக் கண்ணாடிப் பலகைகள் உள்ளன.

உரிமையாளர்கள்

1910-இல் குடியேறிய ராபி, தந்தை விட்டுச்சென்ற கடனாலும் மணமுறிவாலும் 1911-இல் வீட்டை விற்றார். வாங்கிய டெய்லர் ஓராண்டுக்குள் இறந்தார். 1912-இல் வாங்கிய வில்பர் குடும்பம் 14 ஆண்டுகள் வாழ்ந்தது.

1926-இல் அருகிலிருந்த இறையியல் கல்லூரி இதை வாங்கியது. அதற்குத் தேவைப்பட்டது வீடு அன்று, நிலமே. அதுவரை வீடு மாணவர் விடுதியாகவும் உணவுக்கூடமாகவும் பயன்பட்டது. 1941-இல் எழுந்த இடிப்புத் திட்டம் எதிர்ப்பாலும் போராலும் நின்றது. 1957-இல் புதிய விடுதிக்காக மீண்டும் இடிக்க முயன்றபோது, 89 வயதான ரைட் நேரில் வந்து எதிர்த்தார்.

தனியார் கட்டடத்தைக் காக்கும் சட்ட அதிகாரம் அப்போது சிகாகோ நகரத்திடம் இல்லை; அது 1968-இல்தான் வந்தது. ஆகவே வீட்டைக் காத்தவை மக்களின் எதிர்ப்பும், 1958-இல் அதை விலைக்கு வாங்கிய கட்டடத் தொழிலதிபர் வில்லியம் செக்கண்டார்ஃபின் முடிவுமே. அவர் 1963-இல் அதைப் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடையாக அளித்தார். அதே ஆண்டு அது தேசிய வரலாற்றுச் சின்னமானது.

இன்றைய நிலை

பல ஆண்டுகள் அலுவலகமாக இருந்த வீடு, 1997 முதல் படிப்படியாகச் சீரமைக்கப்பட்டது. 2019-இல் ரைட்டின் வேறு ஏழு படைப்புகளுடன் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. இப்போது பார்வையாளர்கள் உள்ளே சென்று காணலாம்.

பழைய வீடு நிலைப்பதற்குக் கட்டுமான உறுதி மட்டும் போதாது; உரிமையாளர் அதை வீடாகப் பார்க்கிறாரா, வெறும் மனையாகப் பார்க்கிறாரா என்பதும் முக்கியம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.