யூனிக்ஸ் கோப்புறை மரமும் அதன் நகலும்

யூனிக்ஸின் தொடக்க வடிவத்தில் கோப்புறை கிடைத்தற்கரிய பொருளாக இருந்தது. 1969-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் பி.டி.பி-7 கணினிக்கு எழுதிய அந்த அமைப்பில், கணினி ஓடிக்கொண்டிருக்கும்போது புதுக் கோப்புறை உண்டாக்க வழியில்லை. காகித நாடாவிலிருந்து கோப்பு முறைமை முழுவதையும் மறுபடி ஏற்றினால்தான் உண்டு. சாய்கோடிட்ட பாதைப்பெயரும் அப்போது கிடையாது.

1971-இன் முதல் யூனிக்ஸ் கையேட்டிலேயே கோப்புறை உண்டாக்கும் எம்கேடிர் கட்டளை வந்துவிட்டது. ஆனாலும் 1979-இன் ஏழாம் பதிப்பில்கூட அது நிர்வாகி அதிகாரத்தோடு ஓடி, வெறும் கணு ஒன்றைப் படைத்து, தன்னையும் தாய்க் கோப்புறையையும் சுட்டும் புள்ளிப் பெயர்களைத் தனித்தனியே ஒட்டவேண்டியிருந்தது. இதெல்லாம் ஒரே அழைப்பில் முடியும் வசதி 1983-இல் பெர்க்லி யூனிக்ஸான 4.2 பி.எஸ்.டி.யோடு வந்தது.

ஏழாம் பதிப்பின் இன்னொரு வரவு டார். கோப்புகளைத் தொகுத்துக் காந்த நாடாவில் எழுதப் பிறந்த நிரல் அது. நாடாவின் பெயருக்குப் பதில் ஒரு சிறுகோடு இட்டால் போதும், தொகுப்பு குழாய் வழியே இன்னொரு டாருக்குப் பாயும். அது வேறோர் இடத்தில் மரத்தை விரிக்கும். வேறு கணினியில் கட்டளையை ஓட்டும் 4.2 பி.எஸ்.டி.யின் ஆர்.எஸ்.எச். வந்தபின் குழாயின் மறுமுனை அங்கேயே இருக்கலாம் என்றாயிற்று. 1995-க்குப் பின் எஸ்.எஸ்.எச். அந்த இடத்தைப் பிடித்தது. பழைய டாருக்கு ஒரு குறை: கோப்புகளின் பாதையை மட்டுமே அது பதிந்தது. ஆகவே வெற்றுக் கோப்புறைகள் வழியிலேயே தொலைந்தன. பி.எஸ்.டி. டார்தான் கோப்புறைகளுக்கும் பதிவு எழுதியது.

கோப்புகள் வேண்டாம், அமைப்பு மட்டும் போதும் என்பவர்களுக்கு ஃபைண்ட் கட்டளையே எளிய வழி. வகையைக் கோப்புறை என்று குறித்தால் அது பெயர்ப்பட்டியல் தரும். அந்தப் பட்டியலை மறு கணினிக்கு அனுப்பி, பட்டியலைக் கட்டளைக்கு உள்ளீடாக்கும் எக்ஸ்ஆர்க்ஸ் மூலம் எம்கேடிரிடம் ஒப்படைக்கலாம். ஃபைண்ட் தாயை முன்னும் பிள்ளையைப் பின்னும் சொல்வதால் சாதாரண எம்கேடிரே போதும். பட்டியலை யாராவது வரிசை மாற்றிவிட்டால்தான் சிக்கல். விடுபட்ட தாய்க் கோப்புறைகளையும் சேர்த்தே உண்டாக்கும் 'பி' விருப்பம் அதைத் தீர்த்தது. 1992-இன் போசிக்ஸ் தரத்தில் அதற்கு இடமுண்டு. பெயருக்குள் இடைவெளி இருந்தால் எக்ஸ்ஆர்க்ஸ் அதை இரண்டாக வெட்டிவிடும். க்னூ கருவிகளில் பெயர்களைச் சுழியக் குறியால் பிரித்து இதைத் தவிர்க்கலாம்.

ஆண்ட்ரூ டிரிட்ஜெலும் பால் மெக்கெராஸும் 1996-இல் வெளியிட்ட நகலெடுப்புக் கருவியான ஆர்சிங்க், இதே வேலையை இரண்டு வடிகட்டி விதிகளில் முடிக்கிறது: கோப்புறைகளைச் சேர், மற்றதையெல்லாம் விலக்கு. முதலில் பொருந்தும் விதியே செல்லும் என்பதால் இவற்றை இடம் மாற்றக்கூடாது. எம்கேடிர் பட்டியல் பெயர்களை மட்டுமே கொண்டுபோகும். அனுமதிகள் புதுக் கணினியின் இயல்புப்படி அமையும். ஆர்சிங்கின் 'ஏ' விருப்பம் அனுமதிகளையும் நேரங்களையும் உடன் கொண்டுசெல்கிறது. உரிமையாளர் பெயர் மாறாதிருக்க, மறுமுனையில் நிர்வாகி அதிகாரம் வேண்டும்.