பகடையும் வரமும்

மலர்க் குழுவிலிருந்து போன். "நம்ம பேட்ச் சார்பா ஒரு கட்டுரை வேணும்ப்பா. டெக்னிக்கலா வேண்டாம், வரலாறு மாதிரி ஏதாவது எழுது" என்றார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுதப் பெரியவர்கள் இருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது இன்னொரு வரலாறு. மூன்றாம் ஆண்டில், 2008-ல், ஹாஸ்டல் மாடியில் நாங்கள் ஐந்து பேர் ராத்திரி இரண்டு மணி வரை ஆடினோமே, அந்த ஆட்டத்தின் கதை. நாங்கள் சீட்டாடுகிறோம் என்றுதான் பலர் நினைத்தார்கள்.

சீட்டாட்டம் இல்லை. 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று பெயர். காய், கட்டம் எதுவும் கட்டாயம் கிடையாது. ஒருவர் கதை சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "பள்ளத்தைத் தாண்டுகிறேன்" என்று ஒருவன் சொன்னால், தாண்டினானா விழுந்தானா என்று பகடை சொல்லும். விஸ்கான்சின் மாநிலம் லேக் ஜெனீவாவில், கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் எழுதி 1974 தொடக்கத்தில் வெளிவந்தது. பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள், விலை 10 டாலர், முதல் அச்சு 1000 பிரதிகள்.

அதில் எனக்குப் பிடித்த சமாச்சாரம் 'கிளெரிக்'. கையில் கதாயுதம், வாயில் ஜெபம் என்று பாதி போர்வீரன், பாதி பூசாரி. இவன் பிறந்த கதை வேடிக்கையானது. புத்தகம் வருவதற்கு முன்பே மினசோட்டாவில் ஆர்ன்சன் தன் நண்பர்களோடு 'பிளாக்மூர்' என்ற கற்பனை நாட்டை வைத்து ஆடிக்கொண்டிருந்தார். அதில் ஒருவருடைய பாத்திரம் ரத்தக்காட்டேரியாகிவிட்டது. பெயர் சர் ஃபாங். நாளுக்கு நாள் பலம் ஏறி, யாராலும் அடக்க முடியவில்லை. அதைச் சமாளிக்க ஒரு புது விதி எழுதினார்கள். ஹாமர் கம்பெனி பேய்ப் படங்களில் சிலுவையோடு வரும் வான் ஹெல்சிங்கை மனதில் வைத்து, பேயை விரட்டும் ஒரு சாமியார். அந்தப் பாத்திரத்தை ஆடியவர் மைக் கார். ஆக, இந்த ஆட்டத்தின் தெய்வ சக்தியே, நண்பர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து போட்ட ஒரு ஒட்டு. நம் பாஷையில் சொன்னால் 'பேட்ச்'. 'ஹோம்ப்ரூ' என்று இன்றைக்குப் பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஒட்டுதான், ஆனால் அளந்து போட்ட ஒட்டு. முதல் நிலைக் கிளெரிக் எலும்புக்கூட்டை விரட்ட இரண்டு ஆறுமுகப் பகடையில் 7 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். 36-ல் 21 வாய்ப்பு, அதாவது 58 சதவீதம். நடைபிணத்துக்கு 9 வேண்டும், 28 சதவீதம். அதற்கும் மேலே பிணந்தின்னிக்கு 11, வெறும் 8 சதவீதம். காயம் ஆற்றும் ஜெபத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 1974 விதிப்படி எந்த ஆயுதமானாலும் ஒரு பகடை, சராசரி மூன்றரைப் புள்ளி போகும். ஜெபம் திருப்பித் தருவது ஒரு பகடையும் கூட ஒன்றும், சராசரி நாலரை. அதாவது ஒரு வெட்டு விழுந்தால் ஒரு ஜெபம், கொஞ்சம் கொசுறு. அதுவும் முதல் நிலையில் கிடையாது. இரண்டாம் நிலை ஏறினால்தான் நாளுக்கு ஒன்று. கணக்குப் போட்டவர் யாராக இருந்தாலும் கை கொடுக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், கம்பவுண்டர் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை! எல்லாருக்கும் வாள் பிடிக்கத்தான் ஆசை. அதனால் 1978 புத்தகத்தில் முதல் நிலையிலேயே ஜெபம், ஞானம் அதிகமிருந்தால் உபரி ஜெபம் என்று சலுகை கொடுத்தார்கள். சலுகை மேல் சலுகை ஏறி, பிற்காலத்தில் கிளெரிக்கே மிஞ்சிப் போய்விட்டான் என்று மற்றவர்கள் அழும் நிலைமை வந்தது தனிக்கதை.

அதே 1978-ல் கேயாசியம் கம்பெனி வெளியிட்ட 'ரூன்குவெஸ்ட்' வேறு வழியில் போனது. அதில் பூசாரி என்று தனி ஜாதி இல்லை. யார் வேண்டுமானாலும் ஒரு தெய்வத்தின் கூட்டத்தில் சேரலாம். ஆனால் வரம் வேண்டுமென்றால் தன் ஆன்ம பலத்தில் ஒரு புள்ளியை நிரந்தரமாகக் கொடுக்க வேண்டும். தவமில்லாமல் வரமில்லை என்று கேட்டு வளர்ந்த நமக்கு இது சட்டென்று புரியும். விலை வைக்காத வரம் பஸ்மாசுரன் கதையாகத்தான் முடியும்.

தாமாகத் தெய்வத்தையும் அதற்கேற்ற சக்தியையும் உருவாக்குபவர்களுக்கென்றே 1990-ல் ஒரு கையேடு வந்தது, ஆரன் ஆல்ஸ்டன் எழுதியது. அவர் ரொம்ப ஜாக்கிரதைக்காரர். அவர் கணக்குப்படி செய்த பூசாரிகள் பெரும்பாலும் நோஞ்சானாகவே வருவார்கள். 2000-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் வேலை சுலபமானது. ஒரு தெய்வத்துக்குச் சில 'டொமைன்'கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறப்புச் சக்தியும் நிலைக்கு ஒன்றாக ஒன்பது மந்திரங்களும். அச்சு கொடுத்தாயிற்று, வார்க்க வேண்டியதுதான் பாக்கி.

நாங்கள் வார்த்தது இங்கேதான். விதிகளை லேபில் பிரின்ட் எடுத்தோம். இருபது முகப் பகடைக்கு எங்கே போவது? எவர்சில்வர் டம்ளரில் 20 சீட்டு போட்டுக் குலுக்கினோம். கதை சொல்பவன் நான். என் அறை நண்பன் ஒரு ஓடக்காரத் தெய்வத்தை உருவாக்கி, ஒரு பேப்பரில் அழகாக எழுதி வந்தான். சக்தி இதுதான்: கூட வருபவர் யார் சறுக்கினாலும் மறு சீட்டு எடுக்கலாம், ஆளுக்கு ஒரு தரம், தினமும். டீயைக் குடித்துக்கொண்டே அரை நிமிஷத்தில் "சரிடா" என்றேன்.

அளவுகோல் என் மடியிலேயே இருந்தது. புத்தகத்திலுள்ள 'அதிர்ஷ்ட' டொமைனில் தனக்கு மட்டும், நாளுக்கு ஒரு தரம், இரண்டாவது விழுந்தது மோசமானாலும் அதுதான் முடிவு. இவனுடையது நாலு பேருக்கு நாலு தரம். 25 சதவீதம் தோற்க வேண்டிய இடத்தில் தோல்வி 6 சதவீதமாகிவிடும். மூன்றாவது ராத்திரி எவனுக்கும் எதற்கும் பயமே இல்லை. அறுந்த பாலத்தின் மேல் இவன் பாத்திரம் நிற்கும்போது நான் திடீரென்று, "அந்தச் சக்தி இனிமே கிடையாது" என்றேன். 4 விழுந்தது. ஆள் ஆற்றில் போனான். நண்பன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனான். ஆட்டமும் அதோடு நின்றது. ஒரே அறையில் இருந்துகொண்டு, கடைசிப் பரீட்சை வரை 'ஃபேன் போடவா, லைட் அணைக்கவா' என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

தப்பு என்னுடையது. படித்துப் பார்க்காமல் ஒப்புக்கொண்டதும், ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றியதும். அவன் கற்பனையில் குறையே இல்லை. விட்டுப்போனது ஒன்றுதான், ஓடக்காரனுக்குக் கூலி. ரூன்குவெஸ்ட் பற்றி வேலைக்குப் போன பிறகு படித்தபோதுதான் இது உறைத்தது.

அந்தப் பேப்பர் இன்னும் என்னிடம் இருக்கிறது. பின்பக்கத்தில் போன வாரம் ஒரு வரி சேர்த்தேன்: 'ஒவ்வொரு முறை கரையேற்றும்போதும் ஓடக்காரனின் உயிர்ப் புள்ளியில் ஒரு எட்டுமுகப் பகடை குறையும்.' வருபவர்கள் பட்டியலில் அவன் பெயரைப் பார்த்தேன். நிஜமான இருபது முகப் பகடை ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஹாஸ்டல் மாடிக்கு வாடா. பாலத்திலிருந்து ஆரம்பிக்கலாம், நீ இன்னும் விழவில்லை.