சஃப்தர் ஹாஷ்மி

சஃப்தர் ஹாஷ்மி (12 ஏப்ரல் 1954 – 2 ஜனவரி 1989) இந்திய நாடக ஆசிரியர், நடிகர், இயக்குநர். இந்தி வீதி நாடக இயக்கத்தின் முன்னோடி. டெல்லியில் பிறந்தார். செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்றார். 1973இல் ‘ஜன நாட்டிய மஞ்ச்’ குழுவை நிறுவியவர்களுள் ஒருவர். மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். சில காலம் கல்லூரி ஆசிரியராகவும் பணியாற்றினார்.

நாடகங்கள்: நெருக்கடி நிலைக்குப் பின், பெரிய மேடை நாடகங்களுக்குச் செலவிட வழியின்றிக் குழு தெருவுக்கு வந்தது. முதல் வீதி நாடகம் ‘மெஷின்’ (1978). மிதிவண்டி நிறுத்துமிடமும் தேநீர்க் கேன்டீனும் கேட்ட தொழிலாளர்கள் சுடப்பட்ட நிகழ்விலிருந்து அது பிறந்தது. நடிகர்களின் உடல்களே இயந்திரமாக அசையும். மேடையோ திரையோ ஒளியமைப்போ கிடையாது. ‘ஔரத்’ (1979) பெண்கள் படும் பாட்டைப் பேசியது.

மரணம்: 1989 ஜனவரி 1 அன்று, டெல்லியை அடுத்த சாஹிபாபாத்தின் ஜண்டாபூரில், நகராட்சித் தேர்தல் வேளையில் ‘ஹல்லா போல்’ நாடகம் நடந்துகொண்டிருந்தபோது குழுவினர் தாக்கப்பட்டனர். தொழிலாளி ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தலையில் படுகாயமுற்ற ஹாஷ்மி மறுநாள் இறந்தார், வயது 34. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மொலோயஸ்ரீ குழுவினருடன் அதே இடத்துக்குச் சென்று, தடைப்பட்ட நாடகத்தை முழுமையாக நடித்துக் காட்டினார். கொலை வழக்கில் 2003இல்தான் தண்டனைத் தீர்ப்பு வந்தது.

நினைவு: கலைஞர்கள் ‘சஹ்மத்’ அமைப்பை 1989இல் தொடங்கினர். அவர் பிறந்தநாள் தேசிய வீதி நாடக நாளாகக் கொண்டாடப்படுகிறது.