கட்டணம் வாங்காத கல்லூரி

யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1850இல் தொடங்குவார்கள். ஆயர் பெற்றக்கீனி கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கென்று ஓர் ஆங்கிலப் பள்ளியைத் திறந்தார், 1881இல் அதற்குப் பத்திரிசியாரின் பெயர் வந்தது, பிறகு இன்னார் றெக்ரர், இன்ன கட்டடம் என்று வரிசையாகப் போகும். அந்த வரிசையில் எனக்குக் குறை இல்லை. அங்கே போடிங்கில் இருந்து படித்தேன். பிறகு அங்கேயே படிப்பித்தேன். ஆனால் வயது போகப் போக ஒரு கேள்விதான் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது: இத்தனை காலமும் இந்தப் பள்ளிக்குக் காசு எங்கிருந்து வந்தது?

தொடக்கத்தில் காசு இல்லை. அமெரிக்க மிஷனுக்கு வட்டுக்கோட்டையில் 1823 முதல் செமினரி இருந்தது. 1824இல் உடுவிலில் பெண்களுக்குப் பள்ளி வந்தது. வெஸ்லியன் மிஷனுக்கும் ஆங்கிலிக்க மிஷனுக்கும் நகரிலேயே பள்ளிகள் இருந்தன. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கிவிட்டார். பிடியரிசி எடுத்து அதை நடத்தினார். கத்தோலிக்கர் எண்ணிக்கையில் புரட்டஸ்தாந்தரை விட அதிகம். ஆனால் அவர்களில் பெரும்பகுதியினர் கரையோரத்து மீன்பிடிக் குடும்பங்கள். கரையூர் என்றழைக்கப்பட்ட இன்றைய குருநகர், பாசையூர், நாவாந்துறை, அப்பால் மன்னார்க் கரை. கோயில் கட்டுவதற்கு மீன் விற்ற காசில் பங்கு வைக்கத் தெரிந்த சனம். இங்கிலீசுப் பள்ளிக்கூடம் அவர்களுக்குப் புதிது.

இந்த இடத்தில்தான் கிறிஸ்தோப்பர் பொன்ஜீன் வருகிறார். பிரெஞ்சுக்காரர். இலங்கைக்கு வருமுன் கோயம்புத்தூர்ப் பக்கத்தில் மிஷனரியாக இருந்து தமிழ் கற்றவர். 1856இல் யாழ்ப்பாணம் வந்து அமலமரித் தியாகிகள் சபையில் சேர்ந்தார், 1868இல் ஆயரானார். அரசு எந்தச் சமயப் பள்ளியென்று பாராமல், கற்பிக்கும் பாடத்துக்குப் பணம் தரவேண்டும் என்று எழுதியும் பேசியும் வாதாடினார். புரட்டஸ்தாந்த மிஷன்களுக்கே அரச கருணை அதிகம் கிடைத்த காலம் அது. கல்வி பற்றி ஆராய்ந்த மோர்கன் குழு 1867இல் அறிக்கை கொடுத்தது. 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்து, நன்கொடை முறை வந்தது. வருடத்துக்கு ஒருமுறை இன்ஸ்பெக்டர் வருவார். வாசிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றிலும் எத்தனை பிள்ளை தேறுகிறதோ அதற்கேற்பப் பணம். சமயப் பாடத்துக்குச் சதமும் இல்லை. அடுத்த வருடத்துக் காசு அந்த ஒரு நாளில் பிள்ளைகள் சொல்லும் விடையில் தொங்கியது. பொன்ஜீன் 1876இல் தொடக்கிய பத்திரிகை இன்றும் ‘பாதுகாவலன்’ என்ற பெயரில் வருகிறது. 1883இல் அவர் கொழும்புக்கு ஆயராகப் போய்விட்டார். வடக்கின் கத்தோலிக்கப் பள்ளிகள் ஒவ்வொன்றின் அத்திவாரத்திலும் இந்த மனிதரின் பிடிவாதம் இருக்கிறது என்பது என் முடிவு.

அடுத்து வந்தவர்கள் அயர்லாந்துக்காரர். பத்திரிசியார் என்ற பெயரே அவர்களுடைய நாட்டின் காவலருடையது. வெள்ளை அங்கி, இடைக்கச்சையில் செருகிய சிலுவை. தூரத்தில் கண்டாலே அமலமரித் தியாகிகள் (அ.ம.தி.) சுவாமி என்று தெரியும். அவர்களில் தீமொத்தி லோங் சுவாமியை யாழ்ப்பாணம் முழுவதும் அறியும். 1936இல் றெக்ரரான அவர், கல்லூரி மதிலோடு நின்றுவிடாமல் நகருக்கு ஒரு பொது நூலகம் வேண்டும் என்று முன்நின்றார். 1959இல் திறந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் முன்னால் அவருக்குச் சிலை இருக்கிறது. சைவர் பெரும்பான்மையான நகரம் ஒரு கத்தோலிக்கக் குருவுக்கு வைத்த சிலை அது.

நான் போடிங்குக்கு வந்தது ஐம்பதுகளில். ஊர் பேசாலை. தலைமன்னார்ப் பாதையில் ரயில் ஏறி, மதவாச்சியில் இறங்கி, காங்கேசன்துறை ரயிலுக்கு மாறி யாழ்ப்பாணம் வரவேண்டும். ரங்குப் பெட்டி, பாய், தலையணை, எனாமல் கோப்பை. அம்மா மேலே ஒரு பை கருவாட்டுத் துண்டு வைத்திருந்தா. விடிய முன்னம் மணி. முகம் கழுவிக்கொண்டு பூசைக்கு. பூசை லத்தீனில், பீடத்தில் உதவி செய்யும் பையன்கள் பொருள் தெரியாமலே மறுமொழிகளைப் பாடமாக்கி வைத்திருந்தோம். பிறகு பாண், சம்பல், பள்ளி. நண்பகல் மணியடித்தால் நின்ற இடத்தில் திரிகாலச் செபம். கிரவுண்டில் பந்து உருண்டுகொண்டிருந்தாலும் கால்கள் நிற்கும். சைவப் பிள்ளைகளும் எங்களோடு அசையாமல் நிற்பார்கள். அவர்களைச் செபிக்கச் சொன்னதில்லை. இரவில் ஸ்டடி, செபமாலை, படுக்கை. மாதத்தின் முதல் வெள்ளிக்கு முதல்நாள் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை. வருடத்தில் ஒருமுறை ஞான ஒடுக்கம், அப்போது பேச்சே இல்லை. பையன்களுக்கு அதுதான் ஆகக் கடினம். எனக்கு அது பிடித்தது.

குசினியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளி வரலாறுகளில் குசினி வருவதே இல்லை. வெள்ளிக்கிழமை கத்தோலிக்கருக்கு இறைச்சி விலக்கு, மீன் விலக்கு இல்லை. சைவப் பிள்ளைகளுக்கு வெள்ளி என்றால் மீனும் இல்லை. ஆகவே வெள்ளிகளில் எங்கள் குசினியில் இரண்டு அடுப்பு வரிசை. ஒரு பக்கம் பாசையூரில் இருந்து வந்த மீன், மறுபக்கம் கத்தரிக்காய், பருப்பு, முருங்கை இலைச் சுண்டல். குசினிக்காரர் அகப்பைகளை மாற்றவே மாட்டார். சைவ அகப்பை வேறு ஆணியில் தொங்கும். யாரும் அவருக்குச் சட்டம் எழுதிக் கொடுக்கவில்லை. மார்ச் 17 கல்லூரியின் திருநாள். எந்த வருடமும் அது தவக்காலத்துக்குள்தான் விழும். நோன்பும் திருநாளும் ஒரே அடுப்பில் வேக வேண்டும். அன்று காலை ஆடம்பரப் பூசை, பாயாசம், பின்னேரம் விளையாட்டு. மறுநாள் மீண்டும் சிலுவைப்பாதை. அதே மார்ச் மாதச் சூட்டில்தான் யாழ்ப்பாணக் கல்லூரியுடன் கிறிக்கெற் காய்ச்சலும் ஏறும். 1917இல் தொடங்கிய அந்தப் போட்டியை இன்று பொன் அணிகளின் போர் என்கிறார்கள்.

என்னைப் போன்ற கடற்கரைப் பிள்ளை அங்கே இருந்ததற்கு இரண்டு காரணம். ஒன்று, 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி. கத்தோலிக்கத் தலைமை அதை முதலில் எதிர்த்தது. தங்கள் பள்ளிகளின் தனித்துவம் போய்விடும் என்று அஞ்சியது. அந்த அச்சத்தை நான் விளங்கிக்கொள்கிறேன், ஆனாலும் கன்னங்கராவின் பக்கமே நியாயம் இருந்தது. கட்டணம் தொடர்ந்திருந்தால் பேசாலையில் வலை இழுத்திருப்பேன். இரண்டாவது காரணம், போடிங் காசுக்கு யாரும் கழுத்தைப் பிடிக்காதது. வாடைக் காற்று பிழைத்த ஒரு வருடம் ஐயா தலையைக் குனிந்துகொண்டு அலுவலகத்தில் நின்றார். “சுவாமி, இந்தத் தவணை கடல் ஒண்டும் தரேல்லை” என்றார். சுவாமி பேரேட்டை மூடிவிட்டு, “கடல் தரேக்கை தாங்கோ, இப்ப பொடியனைப் படிக்க விடுங்கோ” என்றார். ஐயா அதை ஊரில் பலரிடம் சொன்னார். அடுத்த வருடம் பேசாலையில் இருந்து இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள்.

பிறகு 1960. சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசு உதவி பெறும் பள்ளிகளைப் பொறுப்பேற்கும் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1961இல் இன்னொரு சட்டம் காணியையும் கட்டடத்தையும் அரசுடைமையாக்கியது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் கைமாறின. மேற்குக் கரையில் பெற்றோர் பள்ளிகளுக்குள் குடியேறி இரவு பகலாகக் காவல் இருந்தார்கள். பம்பாயிலிருந்து கர்தினால் வலேரியன் கிராசியஸ் சமாதானம் பேச வந்தார். அதை ஒட்டியே யாழ்ப்பாணம் கச்சேரி வாசலில் தமிழரசுக் கட்சியின் சத்தியாக்கிரகம். எஸ்.எஸ்.சி. வகுப்பில் இருந்த எங்களுக்கு எது எதனோடு சேர்ந்தது என்று பிரித்தறிய முடியாத காலம்.

பொறுப்பேற்றதில் அரசின் பக்கம் ஒரு நியாயமும் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளிகளில் கணிசமான பங்கு ஒரு சிறு சமயத்தின் கையில் இருந்தது. சைவப் பிள்ளையும் பௌத்தப் பிள்ளையும் வேறு வழியின்றி அங்கே போனார்கள். அந்த மனக்குறை உண்மையானது. சைவர் கட்டி வளர்த்த யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியும் அரசிடம் போனது. பெரிய பள்ளிகளுக்கு மட்டும் ஒரு வாசல் திறந்து வைத்தார்கள்: அரசிடம் ஒரு சதமும் கேளாதே, பிள்ளையிடம் கட்டணமும் வாங்காதே, அப்படி நடத்த முடியுமென்றால் தனியாக நில். பத்திரிசியார், பரியோவான், யாழ்ப்பாணக் கல்லூரி, சுண்டுக்குளி மகளிர் என யாழ்ப்பாணத்தில் சில பள்ளிகள் அந்த வாசலால் போயின.

அந்த முடிவின் பாரத்தை இன்றைய பழைய மாணவர் பலர் அறியார். மரபு காப்பாற்றப்பட்டது என்று மட்டும் பேசுகிறார்கள். மாதக் கடைசியில் ஆசிரியர் சம்பளம், ஆய்வுகூடத்துக்கு அமிலம், கூரைக்கு ஓடு எல்லாம் நன்கொடையில் வரவேண்டும். துறவிகள் சம்பளம் எடுக்காமல் படிப்பித்தார்கள். சம்பளம் எடுத்த ஆசிரியர்களில் பலர் அரச பள்ளிக்கு மாறும் வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டே போகாமல் இருந்தார்கள். கடைக்காரர்கள் கல்லூரி மலருக்கு விளம்பரம் கொடுத்தார்கள். மலாயாவில் உத்தியோகம் பார்த்துத் திரும்பிய பென்சன்காரர்கள் கொடுத்தார்கள். கடற்கரைப் பங்குகளில் கொடுத்தது சிறு தொகைகள், திரும்பத் திரும்ப. என் ஐயா கடைசிப் பிள்ளை படித்து முடித்த பிறகும் கொடுத்துக்கொண்டிருந்தார். பின்னாளில் அரசு இத்தகைய பள்ளிகளின் ஆசிரியர் சம்பளத்தை மீண்டும் ஏற்றது. அதுவரை தாங்கியவர்கள் இவர்கள்.

இந்தப் பள்ளி என்ன கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு நான் ஓர் ஆளைச் சொல்வேன். கரம்பனில் 1913இல் பிறந்து, 1923 முதல் 1930 வரை இங்கே படித்த தனிநாயகம் அடிகள். ஆங்கில வழிக் கல்வி அவருக்கு உலக மொழிகளின் கதவைத் திறந்தது. தமிழை ஆழமாகக் கொடுக்கவில்லை. உரோமாபுரியில் குருத்துவம் முடித்து வடக்கன்குளம் புனித தெரேசாள் பள்ளிக்குப் படிப்பிக்கப் போனபோதுதான், ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து தமிழ் இலக்கியத்தை முறையாகக் கற்றார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகம், ‘தமிழ் கல்ச்சர்’ இதழ், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாடு. எங்கள் கல்லூரி அவரைத் தன் புதல்வர் என்று கொண்டாடுகிறது. நெல்லைச் சீமையின் ஒரு கிராமத்துப் பள்ளிக்கு அதில் சரிபாதி உரிமை உண்டு.

போரின் காலத்தைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. 1981இல் மே 31 இரவு பொது நூலகம் எரிந்தது. தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் போயின. பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் அந்தத் தீயைக் கண்ட அதிர்ச்சியில் இறந்தார். 1993 நவம்பரில் குருநகர் யாகப்பர் கோயிலில் குண்டு விழுந்தது. 1995 அக்டோபர் 30 இரவு வலிகாமமே எழுந்து தென்மராட்சிக்கு நடந்தபோது, தவணைப் பரீட்சைத் தாள்களை ஒரு பையில் கட்டிக்கொண்டு நானும் நடந்தேன். கல்லூரியின் முன்னாள் றெக்ரரான பிரான்சிஸ் யோசப் அடிகள் 2009 மே 18 அன்று, போரின் முடிவில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு கூடச் சென்றார். அதன்பின் அவரைப் பற்றி ஒரு பதிலும் தரப்படவில்லை. அவர் பெயரைப் பரிசளிப்பு விழாக்களில் தவறாமல் சொல்லவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

இப்போது கல்லூரிக்கு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பழைய மாணவர் சங்கங்கள் இருக்கின்றன. பெருந்தொகை கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் பொறிக்கப்படுகின்றன, அது முறையே. ஆனால் 1961க்குப் பிந்திய வருடங்களில் ஐந்து ரூபாயும் பத்து ரூபாயும் கொடுத்தவர்களின் பட்டியல் எங்கும் முழுமையாக இல்லை. இடம்பெயர்வுகளில் பலருடைய கடதாசிகள் போய்விட்டன. குருநகரிலோ பாசையூரிலோ பேசாலையிலோ, உங்கள் பாட்டனாரின் ரங்குப் பெட்டி அடியில் கல்லூரி முத்திரை போட்ட மஞ்சளேறிய பற்றுச்சீட்டு கிடந்தால், தயவுசெய்து எரித்துவிடாதீர்கள். ஒரு படப்பிரதி எடுத்துக் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள். பெயர், ஊர், திகதி, தொகை தெரிந்தால் போதும். சம்பளத்தை விட்டுப் படிப்பித்தவர்களுக்கும் குசினியில் நின்றவர்களுக்கும் இப்படிப் பற்றுச்சீட்டே கிடையாது. அவர்களை நேரில் கண்ட எங்கள் தலைமுறை, இருக்கும்போதே எழுதி வைக்கவேண்டும்.