மாட்டுப் புண்: தாத்தா வைத்தியத்தில் கொள்ளுவதும் தள்ளுவதும்



மேய்ச்சலுக்குப் போன மாடு பொழுது சாயத் திரும்புகிறது. வேலிக் கம்பி கீறி, தொடையில் விரல் நீளத்துக்கு ஒரு புண். "தானா ஆறிடும்" என்று விட்டுவிடுகிறோம். நாலாம் நாள் பார்த்தால் ஈ மொய்த்துப் புழு வைத்திருக்கிறது. கறவையும் குறைகிறது.

சென்னையில் ஆதம்பாக்கம் இன்று வீடுகள் நெருங்கிய இடம். முன்னே ஏரியும் வயலுமாக இருந்த ஊர். இப்படிப்பட்ட ஊர்களில் அந்நாளில் மாட்டுக்கு அடிபட்டால் நாட்டு வைத்தியர்தான் கதி. அவர் வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசுவார். அது நல்ல வைத்தியம். சில இடங்களில் சாணியை அப்புவார்கள், சூடும் போடுவார்கள். அது கெட்ட வைத்தியம். எது நல்லது, எது கெட்டது என்று பிரித்துச் சொல்ல அப்போது ஆளில்லை. புண் ஏன் சீழ் பிடிக்கிறது என்பதே சீமை டாக்டர்களுக்கும் விளங்காத காலம் அது.

1865-இல் ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுப் பையனை ஜோசப் லிஸ்டர் என்ற டாக்டரிடம் கொண்டுவந்தார்கள். அந்த மாதிரிக் காயம் சீழ் பிடித்தால் காலையே வெட்ட வேண்டிவரும். கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் சீழுக்குக் காரணம் என்று நினைத்த லிஸ்டர், கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியை வைத்துக் கட்டினார். சீழ் பிடிக்கவில்லை, கால் பிழைத்தது. 1867-இல் இதை எழுதி வெளியிட்டார்.

அந்த அறிவு நம் பக்கமும் வந்தது. ஆதம்பாக்கத்துக்குப் பக்கத்தில், சைதாப்பேட்டையில் 1868-லேயே வேளாண்மைப் பள்ளி ஏற்பட்டது. அதுதான் 1906-இல் கோயமுத்தூருக்குப் போனது. 1903-இல் வேப்பேரியில் 20 மாணவர்களோடு கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 1989-இல் கால்நடைப் பல்கலைக்கழகமே வந்தது. அங்குள்ள வல்லுநர்கள் தாத்தா வைத்தியத்தைத் தூக்கி எறியவில்லை, சலித்து எடுத்தார்கள்.

அவர்கள் சொல்லும் மருந்து இது: குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி இலை வகைக்கு ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள்தூள் 20 கிராம். அரைத்து, கால் லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் கொதிக்க வைத்து ஆற விடுங்கள். புண்ணைச் சுற்றி முடியைக் கத்தரித்து, கொதித்து ஆறின உப்புத் தண்ணீரில் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்த பிறகு பூசுங்கள். புழு இருந்தால் முதல் நாள் மட்டும் கற்பூரம் கலந்த தேங்காய் எண்ணெய் விட்டுப் புழுவை எடுங்கள்.

சாணி மட்டும் வேண்டவே வேண்டாம். ரண ஜன்னிக் கிருமி சாணியிலும் மண்ணிலும்தான் குடியிருக்கிறது. கிராமங்களுக்குப் போகிறபோது இன்றைக்கும் சாணி அப்பின புண்ணைப் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

ஆழமான காயம், மடிக்காயம், நிற்காத ரத்தம், நாய்க்கடி என்றால் கைவைத்தியம் போதாது. உடனே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மற்றதுக்கு முதல் மருந்து சுத்தமான தண்ணீர்தான்.